கல் சுவர் வேண்டாம், பஞ்சாரமே கட்டு

சுபானு வருஷம் மாசி மாதம்
பரளச்சிக்குத் தெற்கே, நம் வீடு

அன்புள்ள மகன் சிரஞ்சீவி காசிராஜனுக்கு உன் அப்பா இருளாண்டி தன் கையால் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், மாடுகள் இரண்டும் தீனிக்குத் தட்டை குறைந்தாலும் வற்றிப்போகாமல் நிற்கின்றன, அங்கே நீயும் மருமகள் பொன்னுத்தாயும் பேத்தி சந்தனமும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கடிதம் வந்து சொன்னால்தான் உன் அம்மாவுக்குச் சோறு இறங்கும். நீ இப்போது முதல் வரியை இன்னொரு தடவை படிக்க வேண்டும். தன் கையால் என்று எழுதியிருக்கிறேன். எழுத்து கோணலாகவும் ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாகவும் இருப்பதைப் பார்த்து, அப்பா யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பிடித்து எழுத வைத்திருக்கிறார் என்று நினைத்துவிடாதே. அறுபத்து மூன்று வயதில் நான் எழுதப் படித்துக்கொண்டேன். சந்தேகம் இருந்தால் இதோ சாட்சி. உனக்குப் பத்து வயது இருக்கும்போது உன் அம்மாவோடு பிறந்த மாமன் சங்கையா ஊர்க் கிணற்றடியில் வைத்து நம்மைக் கேவலமாகப் பேசினாரே, அன்று சாயங்காலம் மயிலைக் காளையை அவருடைய பருத்திக்குள் விட்டுவிட்டு, கயிறு தானாக அறுந்துபோயிற்று என்று நாம் இருவரும் ஊரெல்லாம் சொன்னோம். அரிவாளால் கயிற்றை அறுத்தது நான், ஆள் வருகிறதா என்று வேலி ஓரம் நின்று பார்த்தது நீ. இது உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக நம் வீட்டுக் கடிதங்களை எழுதிவந்த உன் மாமன் கையால் இதை எழுதியிருக்க முடியுமா. ஆகவே இது நான்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை நிதானமாக எழுத முடியும். பங்குனி பிறந்ததும் விழுந்துபோன கல் சுவரை இன்னும் அரை முழம் அகலமாக எடுத்துக் கட்டப்போவதாக எழுதியிருந்தாய். கட்டாதே. ஒரு கல்கூட வைக்காதே. நான் சொன்னது தப்பு. இந்த மூன்று வார்த்தையை எழுதத்தான் நான் இவ்வளவு பாடும் பட்டேன். எப்படித் தப்பானது என்பது உனக்கு முழுதாகத் தெரியாது, சொல்கிறேன் கேள். நீ ரயில்வே வேலைக்கு அஸ்ஸாம் லம்டிங்குக்குப் போன புதிதில், இங்கே எல்லாரும் மரக் கால் நட்டு, மூங்கில் தட்டி கட்டி, அதன்மேல் மண்ணும் சுண்ணாம்பும் பூசிய வீட்டில்தான் இருக்கிறார்கள், நானும் அப்படி ஒரு வீடு போட்டிருக்கிறேன் என்று எழுதினாய். அதை உன் மாமன் எனக்குப் படித்துக் காட்டினார். படித்ததோடு விட்டாரா, மனத்தில் வைத்துக்கொண்டே இருந்து, முந்தின வருஷம் ஆவணியில் உன் சித்தப்பா பேத்தி காதுகுத்தில், ஐம்பது இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது எடுத்தார். "ஏன் மாப்ளே, ஒம்ம மகன் பஞ்சாரத்துக்குள்ளயாம்ல குடியிருக்கான். பொழுது சாஞ்சா ரயில்வேக்காரன் வந்து கவுத்து மூடிட்டுப் போவானாக்கும்" என்றார். கோழி அடைக்கிற கூடைக்குள் என் மகன் இருக்கிறான் என்று பந்தி முழுக்கச் சிரித்தது. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் சிரித்த சிரிப்பில் என் இலையில் ஊற்ற வேண்டியதைப் பக்கத்து இலையில் ஊற்றினான். அன்றிலிருந்து எனக்கு இளைய பயல்கள் எல்லாம் என்னைக் கண்டால் கோழியைக் கூப்பிடுகிற மாதிரி பா பா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு உன் மாமனிடமே போய், அவர் கையாலேயே உனக்கு எழுத வைத்தேன். மூங்கிலைப் பிரித்துப் போடு, கல்லால் சுவர் வை, கதவு நிலைக்கு மேலே ஒற்றைக் கல் உத்தரம் வை, நம் மானம் அதில் இருக்கிறது என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உன் அம்மா உனக்குச் செலவு வைக்க வேண்டாம் என்று பின்னாலேயே வேறு ஆளை வைத்து மாற்றி எழுதிவிடுவாளோ என்ற பயத்தில், என் பேரைச் சொல்லி வேறு யார் கையால் எழுதி வந்தாலும் நம்பாதே, நான் நேரில் வந்து என் வாயால் சொன்னால் ஒழியக் கல் வீடுதான் என்றும் எழுதச் சொன்னேன். உன் மாமன் சிரித்துக்கொண்டே எழுதினார். நீயும் மகன் என்றால் மகன், லீவு நாளில் எல்லாம் ஆற்றில் கல் பொறுக்கி வந்து கட்டி முடித்தாய்.

ஐப்பசியில் அங்கே பூமி ஆடியதை எழுதின உன் கடிதம் கார்த்திகைக் கடைசியில் வந்தது. அதையும் உன் மாமன்தான் படித்தார், அவர் எனக்குப் படித்த கடைசிக் கடிதம் அது. கிழக்குச் சுவர் முழுக்க வெளிப்பக்கமாகச் சாய்ந்ததையும், பரணில் அடுக்கி வைத்திருந்த சீர்ப் பானைகள் பொன்னுத்தாயின் தோளில் விழுந்ததையும், அவளால் இன்னும் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை என்பதையும், குழந்தை வாசலில் விளையாடிக்கொண்டிருந்ததால் தப்பியதையும் எழுதியிருந்தாய். பக்கத்துத் தட்டி வீடுகளில் பூச்சு உதிர்ந்ததோடு சரி, ஒன்றும் விழவில்லை என்று நீ எழுதியிருந்த வரியை மட்டும் உன் மாமன் வாய்க்குள்ளேயே படித்தார், என் காதில் விழுந்துவிட்டது. கடிதத்தை மடித்துக்கொண்டே, "கல்லு என்ன செய்யும் மாப்ளே, கட்டுனவன் கைய சொல்லணும்" என்றார். அந்த வார்த்தையை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன், நீயும் மறக்க வேண்டாம். பிறகு நீ மறுபடியும் கல்லாலேயே கட்டப்போவதாகவும், அப்பா தலை குனியக் கூடாது என்றும் எழுதியிருந்ததைப் படித்து, மருமகன் வைராக்கியக்காரன் என்று மெச்சிக்கொண்டார். என்ன பதில் எழுதட்டும் என்று கேட்டார். கல் வேண்டாம், பஞ்சாரமே இருக்கட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். யாரிடம் சொல்வது. என் மகனைக் கோழி என்று சொன்ன ஆளிடமே, நீர் சொன்னதுதான் சரி, அவனைக் கூடைக்குள்ளேயே இருக்கச் சொல்லும் என்று எழுதச் சொல்வதா. நாங்கள் சுகம் என்று மட்டும் எழுதச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மருமகள் கையைத் தூக்க முடியாமல் இருக்கிறாள், சித்திரையில் இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகிறது, அந்தப் பிள்ளை பிறக்கிற வீட்டுக்கு மேலே கல் ஏறப்போகிறது, நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன். இது என் தப்பில் இரண்டாவது.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, பந்தல்குடிப் பாதையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் இருக்கிற ஞானப்பூ டீச்சரிடம் போய் எழுதி வாங்கி வரச் சொன்னாள். போனேன். டீச்சர் நல்ல மனுஷி, உட்காருங்கள் ஐயா, ஒரு நிமிஷத்தில் எழுதித் தருகிறேன் என்று காகிதத்தை எடுத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு நான் போட்ட முடிச்சு ஞாபகத்துக்கு வந்தது. வேறு யார் கையால் எழுதி வந்தாலும் நம்பாதே என்று நானே சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் சொன்ன சொல் மாறாதவன், அம்மா வேலை இது என்று தள்ளிவைத்துவிட்டுக் கல்லைத்தான் எடுப்பாய். நேரில் வரலாம் என்றால் யுத்த காலத்தில் பட்டாளத்துக்கே ரயிலில் இடம் இல்லை என்கிறார்கள். டீச்சரிடம், எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனை நாளில் வேண்டும் என்று கேட்டார். பங்குனிக்குள் என்றேன். விரலைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இந்த வெரலு கலப்பையத்தான அழுத்திப் பிடிச்சிருக்கு, எழுத்த லேசாப் பிடிக்கணும்யா, அது ஓடிப்போகாது" என்றார். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போகிற நேரம் எனக்கு. மணலில் ஒரு மாதம், சிலேட்டில் ஒரு மாதம், பிறகு பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில். இந்தக் கடிதம்கூட அப்படிப்பட்ட தாளில்தான் இருக்கிறது, பின்னால் திருப்பினால் ஜேசுராஜ் என்ற பையன் கணக்கில் வாங்கின பூஜ்யம் தெரியும். அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் தடவை சங்கையா என்று எழுதியபோது உடம்பெல்லாம் சந்தோஷம் ஓடியது. எழுதி எழுதி அழித்தேன், அழிப்பதும் நன்றாகத்தான் இருந்தது.

எழுதத் தெரிந்தால் போதுமா, என்ன எழுதுவது என்று தெரிய வேண்டாமா. மூங்கிலே கட்டு என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்று எனக்கே விளங்க வேண்டும், இன்னொரு தடவை கண்ணை மூடிக்கொண்டு உத்தரவு போட மாட்டேன். அதனால் ஒரு வேலை செய்தேன். நம் வெற்று வண்டியின் பலகைமேல் சின்னக் கல்லும் குழைத்த மண்ணும் வைத்து ஒரு முழ உயரத்துக்கு நாலு பக்கமும் சுவர் எழுப்பி மூன்று நாள் காயவிட்டேன். பக்கத்தில் நம் கோழிப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, உள்ளே நாலு குச்சியைப் பலகையில் அறைந்து, பஞ்சாரத்தை அந்தக் குச்சிகளோடு கட்டி, மேலே மண் பூசினேன். மாட்டைப் பூட்டிப் பரளச்சியிலிருந்து பந்தல்குடிக்குப் போகிற பாதையில் ஓட்டினேன். அந்தப் பாதையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நல்ல எலும்பையே கழற்றிவிடும். சந்தைக்குப் போன பெண்கள் பார்த்துவிட்டு, என்ன தாத்தா கோழி இல்லாத பஞ்சாரத்துக்கு வண்டிச் சவாரியா என்று கேட்டார்கள். மகன் வீட்டுக்குக் குடிபோறேன் தாயி என்றேன். ஓடை இறக்கத்தில் முதல் குலுக்கலிலேயே கல் வீடு வாயைத் திறந்தது. நடுச் சுவர் விழும் என்று நினைத்தேன், இல்லை, மூலைதான் முதலில் பிளந்தது. மூலை விட்டதும் ஒவ்வொரு சுவரும் மற்றதைக் கைவிட்டுத் தனித்தனியாக ஆடி வெளிப்பக்கம் விழுந்தது, உன் கிழக்குச் சுவர் விழுந்தபடியே. பஞ்சாரம் அந்தப் பக்கம் சாய்ந்தது, இந்தப் பக்கம் சாய்ந்தது, மண் உதிர்ந்தது, திரும்ப நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தையும் சந்தோஷத்தையும் எப்படி எழுதுவது. வண்டியை நிறுத்திவிட்டு, விழுந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓடையில் எறிந்தேன்.

அத்தோடு விடவில்லை, நாலு தடவை ஓட்டினேன். இரண்டாம் தடவை கல் சுவரை மறுபடி எழுப்பி, தலைப்பில் நாலு பக்கமும் சுற்றி ஒரு பனைநார்க் கயிற்றை இறுக்கிக் கட்டினேன், அது பாதி வழி வரை தாங்கியது. மூன்றாம் தடவை பஞ்சாரத்தின் உச்சியில் ஒரு பெரிய பூசணிக்காயை வைத்துக் கட்டினேன், காலே முறிந்து குப்புற விழுந்தது. நாலாம் தடவை பூசணியை எடுத்துவிட்டு, குச்சிக்குக் குச்சி குறுக்காகச் சாய்த்து இன்னொரு குச்சி கட்டினேன், அசைவே பாதியாகக் குறைந்துபோயிற்று. இதிலிருந்து எனக்குத் தெரிந்ததை நீ அப்படியே செய்ய வேண்டும். கால் மரம் நன்றாக முற்றினதாக இருக்கட்டும், அடியில் கரையான் ஏறாமல் முழங்கால் உயரத்துக்குக் கல் மேடை வைத்துக்கொள், அதற்கு மேலே ஒரு கல் ஏறக்கூடாது. மூலைக்கு மூலை சாய்வு மரம் கொடு, ஆணி மட்டும் போதாது, கட்டவும் வேண்டும், நீ பிட்டர் வேலை பார்க்கிறவன், இரும்புப் பட்டை கிடைத்தால் அதை வளைத்துப் பூட்டு. சுவர் தலைப்பில் வீட்டைச் சுற்றி ஒரே சட்டமாக மரம் ஓட வேண்டும், கூரை அந்தச் சட்டத்தோடு கட்டுண்டு இருக்க வேண்டும், சும்மா மேலே உட்கார்ந்திருக்கக் கூடாது. கூரைக்குத் தகரமோ புல்லோ போதும், நம் ஊர் மாதிரி மண் மெத்தி ஓடு போடுகிற ஆசை வேண்டாம், பூசணிக்காயை நினைத்துக்கொள். பொன்னுத்தாயிடம் என் மரியாதையைச் சொல்லி, சீர்ப் பானைகளைப் பரணில் அடுக்குவது நம் ஊரோடு போகட்டும், அவள் பிறந்த வீட்டுப் பெருமையைத் தரையில் வைத்தாலும் பித்தளை பித்தளைதான் என்று சொல். பரணே வேண்டுமென்றால் பாயும் துணியும் மட்டும் வை, அதையும் சுவரோடு சேர்த்துக் கட்டு. அம்மியும் உரலும் கிடக்கிற இடத்தில் கிடக்கட்டும், ஆனால் வாசலுக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒன்றும் கிடக்கக் கூடாது, ஓடுகிறவன் காலில் இடறும். கதவை வெளிப்பக்கம் திறக்கிறாற்போல மாட்டு. பூமி ஆட ஆரம்பித்தால் முதலில் அடுப்பை அணைக்கச் சொல், தட்டி வீட்டுக்குப் பூமியைவிட நெருப்புதான் எமன், ஒரு குடம் தண்ணீர் எப்போதும் அடுப்படியில் இருக்கட்டும். அதற்குமேல் பதறி எந்தக் கல் சுவர் ஓரமாகவும் ஓடாமல், குழந்தையை இழுத்துக்கொண்டு பலகைக் கட்டிலுக்கு அடியில் போய்விடச் சொல், ஆட்டம் நின்ற பிறகு வெளியே வந்து வெட்டவெளியில் நிற்கட்டும். சந்தனத்துக்கு இதை ஒரு விளையாட்டாகச் சொல்லிப் பழக்கிவிடு. யுத்தத்துக்காகக் கடிதங்களை எல்லாம் நடுவில் பிரித்துப் பார்க்கிறார்களாம், பார்க்கட்டும், பார்க்கிற ஐயாவும் தன் தலைமாட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது உன் மாமன் கதை. இதை எழுதத்தான் எனக்குக் கை துடிக்கிறது, ஆனாலும் உன் வீட்டை முதலில் எழுதி முடித்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன் என்பதை நீ மனத்தில் வைத்துக்கொள். அவர் போன வருஷம் தன் வீட்டு முன்பக்கம் ஒரு மச்சு எடுத்து, மேலே கைப்பிடிச் சுவர் வைத்து, அதில் இரண்டு பக்கமும் செங்கல்லும் காரையும் வைத்து ஒவ்வொரு சிங்கம் செய்து உட்கார்த்தியிருக்கிறார். வாயைப் பிளந்துகொண்டு நம் வீட்டைப் பார்த்தபடிதான் இரண்டும் உட்கார்ந்திருக்கும். தை மாதத்திலிருந்து கரிசல் காய்ந்து பிளக்கத் தொடங்கியதும் அவர் வீட்டு வடக்கு மூலை கீழிருந்து மேலே ஒரு கோடு விட்டது. ஊரில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள், கரிசலில் கோடு விடாத சுவர் எது என்று விட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் வண்டியில் பார்த்த மூலை ஞாபகம் வந்தது. கோடு நேராகச் சிங்கத்தின் கால்மாட்டுக்குப் போகிறது. அதற்கு நேர் கீழே நிழல் விழுகிற இடத்தில்தான் உன் மாமன் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கயிற்றுக் கட்டிலைப் போட்டு மல்லாந்து படுப்பார். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். உன்னிடம் பொய் சொல்வானேன், நாலு நாள் நினைத்தேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சிங்கத்தை நிமிர்ந்து பார்த்து, அவசரப்படாதே, மெதுவாக வா என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் பார்த்தால் உன் அம்மா தன் மதினி முத்துலட்சுமியோடு அதே கட்டில் காலடியில் உட்கார்ந்து பருத்தி ஆய்ந்துகொண்டிருக்கிறாள். உன் அம்மாவை அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். அவரிடம் போய் வாயால் சொன்னால், கேட்கவும் மாட்டார், கேட்டாலும் அது நான் செய்த உபகாரமாகப் போய்விடும், எனக்கு உபகாரம் செய்கிற எண்ணம் இல்லை. அதனால் மறுநாள் விடிந்து மாடு ஓட்டிப்போகிற நேரத்தில், அவர் புதிதாக வெள்ளை அடித்த முன் சுவரில், அடுப்புக் கரியால், ஆள் உயரத்துக்கு எழுதினேன். சங்கையா மச்சானுக்கு, சிங்கம் விழப்போகிறது, கீழே படுக்க வேண்டாம், இருளாண்டி. உன் மாமன் வெளியே வருவதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. எழுத்துத் தெரியாதவர்கள்தான் அதிகம், ஆனாலும் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

மிரட்டல் என்று சொல்லி அவர் சாவடியில் கூட்டம் போட்டுவிட்டார். பெரியவர் மொக்கையன் என்னைக் கூப்பிட்டு, நீ எழுதினாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உன் மாமன் எழுந்து, கைநாட்டுப் பேர்வழி எழுதுவானா, எவனோ பகையாளியை வைத்து எழுதிவிட்டுத் தன் பேரைப் போட்டுக்கொள்கிறான், அவன் யார் என்று சொல்லட்டும் என்றார். பெரியவர் கரித்துண்டை எடுத்து என் கையில் கொடுத்து, சாவடித் தரையில் எழுதச் சொன்னார். இதையே மனப்பாடம் பண்ணியிருப்பான் என்று உன் மாமன் குறுக்கே வந்தார். அப்படியானால் நீரே ஒரு வார்த்தை சொல்லும் என்றார் பெரியவர். உன் மாமன் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டு, "பஞ்சாரம்னு எழுதச் சொல்லுங்க" என்றார். கூட்டத்தில் ஒருவன் பா பா என்றான். நான் குனிந்து உட்கார்ந்தேன். டீச்சர் சொன்னபடி லேசாகப் பிடித்தேன். பஞ்சாரம் என்று எழுதினேன். நிறுத்தச் சொல்லவில்லை, அதனால் மேலே எழுதினேன். பஞ்சாரம் விழவில்லை, கல் விழுந்தது. மொக்கையனுக்குப் படிக்கத் தெரியாது, படிக்கத் தெரிந்தவர் அந்தச் சாவடியில் உன் மாமன் ஒருவர்தான், என்ன எழுதியிருக்கிறது என்று பெரியவர் அவரைத்தான் கேட்டார். அவர் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். படிக்கத் தெரியாதோ என்று கேட்டேன். மகனே, அந்த ஒரு கேள்விக்காகவே நான் மூன்று மாதம் மணலில் உட்கார்ந்திருக்கலாம். கடைசியில் அவர் வாயாலேயே அதைப் படித்தார், பஞ்சாரம் விழவில்லை, கல் விழுந்தது என்று, எல்லாருக்கும் கேட்கும்படி.

அவருக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. வாங்க எல்லாரும், எம் சிங்கம் விழுகுதா பாப்போம் என்று தன் வீட்டுக்கு நடந்தார், சாவடி முழுக்கப் பின்னாலேயே போயிற்று. மச்சுக்கு ஏறி, கைப்பிடிச் சுவரில் சிங்கத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, அதன் வாலைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். கீழே ஒரு சின்னச் சத்தம் கேட்டது, வண்டியில் நான் கேட்ட அதே சத்தம். விலகிப் போங்க என்று கத்தினேன், எல்லாரும் விலகினார்கள். கைப்பிடிச் சுவரில் ஒரு பாகம் சிங்கத்தோடு சேர்ந்து அப்படியே கழன்று, நேராகக் கட்டிலின்மேல் வந்து விழுந்தது. கட்டிலின் நாலு காலும் நாலு பக்கம் போயிற்று. புழுதி அடங்கினதும் நிமிர்ந்து பார்த்தோம். உன் மாமன் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார், கையில் வால் மட்டும் இருக்கிறது. முத்துலட்சுமி மதினி கட்டிலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அது எனக்குப் பிடிக்கவில்லை, அதை எதிர்பார்த்து நான் எழுதவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டேன்.

கீழே இறங்கி வந்ததும் அவர் மெதுவாக என் பக்கம் வந்து, இன்னொரு சிங்கமும் இருக்கிறது, அதை இறக்கிவிடும் மாப்ளே, உமக்குத்தான் இதில் கைப்பழக்கம் இருக்கிறது என்றார். நான் சட்டென்று சரி சொல்லவில்லை. உன் வீட்டை நினைத்தேன். உனக்கு மூங்கில் வீடு கேவலம் ஆனது இந்த ஒரு வாயால், அதே வாயால்தான் அது தீர வேண்டும். காதுகுத்தில் சொன்னதை இங்கே எல்லார் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் சிங்கமும் நீரும் உள்ளபடியே இருங்கள் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். கேட்கவில்லை என்றேன். கேட்டதுதான், ஆனாலும் கேட்கவில்லை என்றேன். இரண்டாம் தடவை சொன்னார், அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "மருமகன் குடியிருந்தது நல்ல வீடுதான் மாப்ளே. பஞ்சாரந்தான் நல்ல வீடு. அவன அதுலயே இருக்கச் சொல்லும்." மொக்கையனும் இருபது முப்பது பேரும் சாட்சி. அதற்குப் பிறகுதான் வண்டிக் கயிற்றைக் கொண்டு வந்து இரண்டாவது சிங்கத்தை இறக்கினேன். கூலி வேண்டாம், சிங்கத்தைக் கொடும் என்று வாங்கிக்கொண்டு வந்து நம் கோழிக் கொட்டிலில் வைத்திருக்கிறேன். நம் கறுப்புப் பெட்டை அதன் தலைமேல் உட்கார்ந்துதான் கொக்கரிக்கிறது. உன் மாமன் இந்த வழியாகப் போகும்போது அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

ஆகையால் மகனே, நீ இனி யாருக்காகவும் கல் அடுக்க வேண்டியதில்லை. என் தலை குனியக் கூடாது என்று எழுதியிருந்தாயே, அது நிமிர்ந்துவிட்டது, குனிய வேண்டியவர் குனிந்துவிட்டார். விழுந்து கிடக்கிற கற்களை வீணாக்காதே. மேடைக்குப் போக மிச்சத்தை வீட்டு வாசலிலிருந்து பாதை வரைக்கும் படுக்கப் போட்டுப் பதித்துவிடு. பொன்னுத்தாய் தோளில் கை வைக்க வந்த வீடு அது, அதை நீங்கள் மூவரும் தினமும் மிதித்துக்கொண்டு நடக்க வேண்டும், பிறக்கப்போகிற பிள்ளையும் அதன்மேல்தான் நடை பழக வேண்டும். அந்தக் கதவு நிலைமேல் வைத்த ஒற்றைக் கல்லை மட்டும் துவைக்கிற கல்லாகப் போட்டுவிடு, அழுக்குத் துணியை ஓங்கி ஓங்கி அடி. இந்தப் பழி எனக்காக நீ தீர்க்க வேண்டியது.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கம்பு சுமாராக விளைந்தது, பருத்தி இன்னும் இரண்டு எடுப்பு இருக்கிறது. மண்ணெண்ணெய் கிடைப்பதே இல்லை, அதனால் பகலில் மட்டும்தான் எழுதுகிறேன், இன்று பதினோராவது நாள். மருமகள் தோளுக்கு வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தடவி, கையைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் மேலே மேலே ஏற்றிப் பழக்க வேண்டும் என்று உன் அம்மா சொல்கிறாள், வலித்தாலும் விடக்கூடாதாம். பிரசவத்துக்கு இங்கே அனுப்பினால் நல்லது என்று அவளுக்கு ஆசை, ரயில் கூட்டத்தில் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன், புது வீட்டிலேயே பிறக்கட்டும், பஞ்சாரத்தில் பிறந்த குஞ்சு என்று யாராவது சொன்னால் ஆமாம் என்று சொல். நான் இதில் மாட்டை அவிழ்த்துவிட்ட கதையை எழுதியிருப்பதால் இந்தக் கடிதத்தைப் படித்ததும் பத்திரமாக வை, ஊருக்கு வரும்போது தப்பித் தவறிக் கொண்டுவராதே, உன் அம்மா ஞானப்பூ டீச்சரிடம் படிக்கப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீயும் பொன்னுத்தாயும் பேத்தியும் பிறக்கப்போகிற பேரப்பிள்ளையும் ஒரு கல் மேலே படாமல், பல்லாண்டு காலம் காற்றாடுகிற வீட்டில் கண் நிறையத் தூங்கி எழுந்து வாழ வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். பானையைத் தரையில் வை, மறந்துவிடாதே. வீடு எழும்பினதும் தாமதிக்காமல் உன் கையால் எழுது, நல்ல பெரிய எழுத்தாக, நீளமாக எழுது, எத்தனை கால் நட்டாய், எங்கே எங்கே கட்டினாய், கற்களை எப்படிப் படுக்க வைத்தாய் என்று ஒன்று விடாமல் எழுது. அதை நான் உன் மாமன் வாசலில் போய் நின்று வாய்விட்டுப் படிப்பேன். எனக்கு இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருகிறது, ஒரு வரிக்கு வெகு நேரம் பிடிக்கும். கொடும் மாப்ளே நான் படிக்கிறேன் என்று கையை நீட்டுவார். கொடுக்க மாட்டேன். முடிகிற வரைக்கும் அவர் நின்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மு. இருளாண்டி
(இது கையெழுத்து, பெருவிரலைத் தேடாதே)